எட்டுக் கண்ணாடி ஜன்னல்

அறையைப் பார்த்த பிறகுதான் மருமகளை விட்டுவிட்டுப் போவதாகப் பழனாத்தாள் சொல்லியிருந்தாள். கௌதள்ளியில் கட்டுச்சோற்று விருந்து முடிந்து, ஏழு மாத வயிற்றோடு தீபா வேனில் ஏறி உட்கார்ந்ததும், பின்னாலேயே தன் துணிப்பையோடு அவளும் ஏறிவிட்டாள்.

"வந்து பாக்கறேன் அம்மிணி. மனசுக்குச் சரீன்னு பட்டா வுட்டுப்போட்டு வாறேன். இல்லாட்டி நாளைக்கே என்ற கூடக் கூட்டியாந்திருவேன். தப்பா நெனைச்சுக்காதே."

தீபாவின் அம்மா சொர்ணலதா தப்பாக நினைக்கவில்லை. போன முறை ஐந்தாம் மாதத்தில் தீபாவுக்கு உதிரம் கொட்டியபோது பக்கத்தில் இருந்தவள் மாமியார்தான். கௌதள்ளியிலிருந்து கொள்ளேகால் வர ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கே கைவிரித்து மைசூருக்கு அனுப்பினார்கள். அது இன்னும் ஒன்றரை மணி நேரம். வந்து சேர்ந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. அன்றைக்கும் இதே வேன்தான், ஓட்டியவன் தீபாவின் கணவன் இதே உமேஷ்தான். மறுநாள் மகனை வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டு சீட்டைக் கழுவியவள் பழனாத்தாள்.

இந்த முறை மைசூர் டாக்டரம்மா கருப்பை வாயில் தையல் போட்டிருந்தாள். இடது பக்கமாகப் படுக்க வேண்டும். படி ஏறக் கூடாது. வலி கண்டால் அரை மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சொர்ணலதாவின் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி ஆட்டோவில் பதினைந்து நிமிஷம். அந்தப் பதினைந்து நிமிஷத்தை நம்பித்தான் அவள் நான்கு மாதமாக ஓர் அறையைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

சேர்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சுவரை எழுப்பியது கணவன் சித்தையன். அவன் மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமைகளில் எழுப்பினான். மற்றதெல்லாம் அவள் பொறுக்கி வந்தவை.

பத்தொன்பது வயதில் சித்தையனோடு மைசூருக்கு வந்தவள். பன்னிரண்டு வருஷம் அவன் பின்னால் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்தாள். முழங்கால் விட்டுப்போன பிறகு மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள். முன்பு கட்டுகிற வீடுகளின் மிச்சம் கண்ணில் பட்டது, இப்போது வாழ்கிற வீடுகளின் மிச்சம் படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். உடைந்த டைல்ஸ், பெயிண்ட் வாளி, கம்பி முனை, சிமென்ட் சாக்கு எதையும் கையை வீசிக்கொண்டு கடந்து போக அவளால் முடியாது. வீட்டைச் சுற்றிப் பெயிண்ட் வாளிகளில் கத்தரியும் மிளகாயும் நின்றன. ரிப்பேராகிப்போன வாஷிங் மெஷினின் ஓட்டை ஓட்டையான டிரம்மில் மைசூர் மல்லிகை. கக்கூஸ் தண்ணீர்த் தொட்டி ஒன்று மூடி இல்லாமல் கிடைத்தது, அதில் வெற்றிலைக்கொடி வைத்துச் சுவரில் ஏற்றியிருந்தாள். "கும்பிடற வெத்தலைய எதுல வெச்சிருக்கா பாரு" என்று சித்தையன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அந்த வெற்றிலையைத்தான் அவன் தினமும் போடுவான்.

சாயங்காலம் வந்து இறங்கியதும் பழனாத்தாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உமேஷ் வேனைத் திருப்பிக்கொண்டு நஞ்சன்கூட்டுக்கு லோடு எடுக்கப் போனான். நாளை மத்தியானம் வந்து அம்மாவை ஏற்றிக்கொள்வான். அம்மாவை மட்டுமா, இருவரையுமா என்பதுதான் தெரியாது.

"இந்தக் கதவு?" என்று வாசற்படியிலேயே நின்றாள் பழனாத்தாள்.

"இடிச்ச வீட்டுதுங்க. இவரு வேலை செஞ்ச எடம்."

"ஆரு வீடு? என்னத்துக்கு இடிச்சாங்க?"

"மூணு மாடி கட்டறதுக்குங்க. அவங்க பசங்க ரெண்டு பேரும் பெங்களூர்ல இருக்கறாங்க. நல்லா இருக்கறாங்க."

பழனாத்தாள் தலையை ஆட்டி உள்ளே வந்தாள். பழைய சாமான் என்பதில் அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் வீட்டு அண்டாவே ஏலத்தில் எடுத்ததுதான். விட்டவன் யார், எதற்காக விட்டான் என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். வசதி வந்து விட்டானா, நொடித்துப்போய் விட்டானா. சொர்ணலதாவுக்கு இது தெரியும். ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தாள். தரையில் பதித்த டைல்ஸ் துண்டுகள் கல்யாண மண்டபத்தில் மிஞ்சியவை. கட்டில் சித்தையனின் சாரப் பலகை, இழைத்து நாலு கால் வைத்தது, அதில் ஏறி நின்று யாரும் விழுந்ததில்லை. துணி வைக்கும் தட்டு ஆப்பிள் பெட்டி.

"ஆப்பிள் பெட்டிக்கு ஒண்ணும் கேக்க மாட்டேன், போ" என்றாள் பழனாத்தாள். தீபா சிரித்தாள். சொர்ணலதாவும் சிரித்தாள்.

ஜன்னலைப் பற்றி அவள் கேட்கவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, ஜன்னலில் அறைதான் தெரிந்தது. மேலே நாலு, கீழே நாலு, எட்டுக் கண்ணாடிகள். ஒன்றுக்கொன்று சற்றே அளவு மாறினாலும் சட்டங்களைச் சீவிச் சேர்த்து, பட்டிப் பசை வைத்து, ஒரே ஜன்னலாக்கியிருந்தாள். அவள் செய்தவற்றில் அவளுக்கே பிடித்தது அது ஒன்றுதான்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பழனாத்தாளின் முகம் தளர்ந்திருந்தது. "கையி உனக்கு நல்ல கையி சொர்ணா. கண்ணாலத்துக்கு நீ போட்டோ ஒண்ணு மாட்டிக் குடுத்தியே, தேக்குச் சட்டம், எங்க வீதியில அப்பிடி ஒண்ணு ஆரூட்லயும் இல்லை. வாரவங்க போறவங்கெல்லாம் கேக்கறாங்க, எந்தக் கடைன்னு."

சொர்ணலதா ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டியிலேயே வைத்தாள்.

"பழைய கடைங்க. தேவராஜ மார்க்கெட்டுப் பக்கம்" என்றாள்.

அவள் வேலைக்குப் போகிற வழியில் ஓர் அரசமரம் இருந்தது. அரசும் வேம்பும் பின்னிக்கொண்டு நிற்க, சுற்றிலும் மேடை, மேடையில் நாகர் கற்கள். அந்தப் பக்கத்தார் கன்னடத்தில் அரளிகட்டே என்பார்கள். வீட்டில் வேண்டாமென்று ஆன சாமி படங்களைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. கொண்டுவந்து மரத்தில் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். சட்டத்தோடு, கண்ணாடியோடு, சிலது காய்ந்த மாலையோடு. மழை பெய்து, வெயில் அடித்து, காகிதம் உப்பி, ஒரு நாள் மாநகராட்சி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும்.

காலை ஆறு மணிக்கு அந்த வழியாகப் போகிறவள் இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டு மட்டும் போனாள். பிறகு ஒரு நாள் எடுத்தாள். எடுப்பதற்கு ஒரு விதி வைத்துக்கொண்டாள். படம்தான் சாமி. கண்ணாடியும் சட்டமும் கடைக்காரன் போட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்து, பின்னட்டையின் ஆணிகளைக் குறடால் பிடுங்கி, படத்தை எடுத்து மறுநாள் மரத்தடியிலேயே திருப்பி வைத்துவிடுவாள், பறக்காமல் மேலே ஒரு கல். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தால் அகலத் தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு ஊற வைப்பாள். அரை நாளில் கழன்று வரும். முழுசாக வராது, கொஞ்சம் கண்ணாடியிலேயே தங்கும். அதை பிளேடால் சுரண்ட வேண்டும்.

சுரண்டியதில் ஒன்று சரியாக வரவில்லை.

காலையில் வெயில் சாய்வாக ஜன்னலில் விழுந்தது. பழனாத்தாள் கட்டிலுக்குக் கீழே பாயில் உட்கார்ந்து முடி கோதிக்கொண்டிருந்தவள், அப்படியே நிறுத்தினாள். எழுந்து கண்ணாடிக்கு அருகில் போனாள். கீழ் வரிசையில் இரண்டாவது கண்ணாடி. விரலால் தடவினாள், நகத்தால் சுரண்டினாள்.

"சொர்ணா. இங்க வா."

நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. தலையைச் சாய்த்தால் தெரிந்தது. ஒரு பாதம். விரல்களில் மெட்டி, மேலே கொலுசின் முத்து வரிசை, பாதத்துக்குக் கீழே தாமரையின் இரண்டு இதழ். அதற்கு மேல் ஒன்றும் இல்லை, வெறும் கண்ணாடி, அதன் வழியே வெளியே கத்தரிச் செடி.

"இது சாமி படத்துக் கண்ணாடி" என்றாள் பழனாத்தாள்.

"பழைய கடையில—" என்று சொர்ணலதா தொடங்குவதற்குள் கட்டிலில் இருந்த தீபா சொல்லிவிட்டாள்.

"ஹௌது, ஆமா அத்தே, எட்டுமே அப்பிடித்தான். அரளிகட்டேல சும்மா வெச்சிட்டுப் போறாங்களே, அதுலேர்ந்து அம்மா எடுத்திட்டு வரும். படத்த பத்திரமா திருப்பி வெச்சிரும். எவ்ளோ நீட்டா பண்ணியிருக்கு பாருங்க." தீபாவின் குரலில் பெருமைதான் இருந்தது. அவள் படித்தது, வளர்ந்தது எல்லாம் மைசூர்.

பழனாத்தாள் பாயில் உட்கார்ந்தாள். சத்தம் போடுவாள் என்று சொர்ணலதா காத்திருந்தாள். அவள் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஆரு ஊட்டுது அதெல்லாம்?"

"தெரியாதுங்க."

"கண்ணாடி ஒடைஞ்சதா?"

"இல்லீங்க. ஒடையாததாப் பாத்துத்தான் எடுத்தேன்."

"ஒடையாத படத்த ஒருத்தரு ஊட்டை வுட்டு எடுத்தாந்து மரத்தடியில வெக்கறாங்கன்னா என்ன அர்த்தம்? சும்மாவா வெப்பாங்க? அந்த ஊட்டுல என்னமோ நடந்திருக்குது. வேண்டாம்னு எறக்கி வெச்சுட்டுப் போறாங்க. நீ எட்டு ஊட்டுல எறக்குனத எடுத்தாந்து புள்ளைத்தாச்சி கண்ணு முன்னால வெச்சிருக்கறே."

"நான் அப்பிடி நெனைக்கலீங்க."

"நெனைக்க மாட்டே. உனக்குக் கையி அரிக்கும்." பழனாத்தாள் முடியை அள்ளி முடிந்தாள். அது இரண்டு தடவை அவிழ்ந்தது. "நான் மறுக்கா ஒருக்கா அந்த வேனுல உக்காந்து வர மாட்டேன் சொர்ணா. எனக்குத் தெம்பு இல்லை. நான் கூட்டிப் போறேன்."

"அத்தே, டாக்டர் சொன்னாங்களே—"

"நீ பேசாதே கண்ணு. எடது பக்கமாப் படு."

சித்தையன் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. வேப்பங்குச்சியை வாயில் வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றான்.

சொர்ணலதா வெளியே போய் குறடையும் பழைய உளியையும் எடுத்துவந்தாள். ஜன்னலுக்கு முன்னால் நின்று பட்டியைச் சுரண்டத் தொடங்கினாள். வைத்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது, நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு கண்ணாடியைக் கழற்றக் கால் மணி நேரம் ஆயிற்று. கழற்றிக் கீழே சாக்கில் வைத்தாள். இரண்டாவது. பழனாத்தாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாலாவதைக் கழற்றும்போது சித்தையன் வந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"ஓட்டைய ஹாலோ பிளாக் வெச்சு மூடிப் போடறேனுங்க" என்று சம்பந்தியம்மாவிடம் சொன்னான். "இன்னிக்கே."

எல்லாம் கழன்றதும் அந்தச் சதுரத்தில் காற்று நேராக உள்ளே வந்தது. பழனாத்தாள் எழுந்து வெளியே ஒரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"கொண்டுபோய் எடுத்த எடத்துலயே வெச்சுப்போட்டு, காலு கழுவிட்டு வா. அப்பறம் பேசலாம்."

எட்டுக் கண்ணாடியும் சட்டங்களும் கனமாக இருந்தன. சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். சித்தாள் வேலை விட்ட பிறகு தலையில் சுமை ஏற்றியதில்லை. நடக்க நடக்க ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. வெங்கடேசர் ஒன்று, மேல் மூலையில் எண்ணெய்க் கறை. சிருங்கேரி சாரதா. இரண்டு ஒரே மாதிரி லட்சுமி, அண்ணன் தம்பி வீட்டுதாக இருக்குமென்று அப்போது நினைத்திருந்தாள். எதற்காகக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கண்ணாடி கீறல் இல்லாமல் இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தாள். கீறல் இல்லாததுதான் இப்போது பயமாக இருந்தது.

மரத்தடியில் தேவம்மா பெருக்கிக்கொண்டிருந்தாள். மாநகராட்சித் துப்புரவு வேலை, பச்சைக் கோட்டு, நீளத் துடைப்பம். சொர்ணலதா எடுப்பதை முதலில் பார்த்தவள் அவள்தான். எடுத்துக்கோ, எப்படியும் நாங்கள் அள்ளிப் போடப்போவதுதானே என்று சொன்னவளும் அவள்தான். இருவரும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வார்கள்.

"என்னக்கா, சாமி திரும்பி வருதா?"

"சம்பந்தி வீட்ல வேண்டாங்கறாங்க. பிள்ளைத்தாச்சி இருக்கற வீடு."

"ஓ." தேவம்மா துடைப்பத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். "இங்க வெச்சா நாளைக்கு இதை நான் அள்ளணும். என் மருமகளும் ஆறு மாசம். எனக்கு ஒண்ணும் ஒட்டாதா?"

சொர்ணலதா சாக்கை இறக்காமல் நின்றாள்.

தேவம்மா சிரித்தாள். "வை, வை. எங்களுக்கு ஒட்டறதா இருந்தா எப்பவோ ஒட்டியிருக்கும். கண்ணாடிய மேல வெக்காதே, கை கிழியும். சாக்கோட வை."

வைத்தாள். கால் கழுவத் தண்ணீர் தேடினாள், குழாயில் வரவில்லை.

"தேவம்மா, இதெல்லாம் யாரு கொண்டுவந்து வெக்கறாங்க? உனக்குத் தெரியுமா?"

"எல்லாருந்தான். செத்த வீடு. பங்கு பிரிக்கற வீடு. போன வாரம் ஒரு அம்மா ஸ்கூட்டியில வந்து ஆறு படம் வெச்சா. புது வீடாம், சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதுன்னானாம் மகன்."

"மூணு வருஷம் முன்னாடி ஒண்ணு இருந்தது. பெரிசு. தேக்குச் சட்டம். சாமுண்டி படம். பின்னாடி லேபிள் ஒட்டியிருந்தது."

"மூணு வருஷமா? எனக்கு நேத்து வந்தது ஞாபகம் இல்லை."

அதுதான் முதலில் எடுத்தது. தீபாவின் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு. படத்தை எடுத்து வைத்துவிட்டு, சட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, கல்யாண போட்டோவை மாட்டிச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தாள். பின்னட்டையில் கன்னடத்தில் ஏதோ எழுதிய லேபிள் இருந்தது. அவளுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. கிழித்துவிட்டாள். போன வருஷம் அந்த போட்டோவுக்குக் கீழேதான் தீபாவின் கட்டில் இருந்தது.

வீட்டுக்குத் திரும்பி வாசல் வாளித் தண்ணீரில் கால் கழுவினாள். சொல்லிவிடலாம் என்று அந்த நேரத்தில் தோன்றியது. இன்னும் ஒன்று இருக்கிறது, அது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. சொன்னால் பழனாத்தாள் எதைக் கேட்பாள் என்று தெரியும். போன வருஷம் கரு கலைந்தது அதனால்தானா என்று கேட்பாள். இல்லை என்று சொல்ல சொர்ணலதாவிடம் ஒன்றும் கிடையாது. பிறகு தீபாவை இந்த வீட்டு வாசலில் விடமாட்டாள். பதினைந்து நிமிஷம் திரும்பவும் மூன்று மணி நேரமாகிவிடும்.

உள்ளே சித்தையன் கடைசி பிளாக்கைத் தட்டிக்கொண்டிருந்தான். அறை இருண்டிருந்தது. பகலிலேயே லைட் எரிந்தது.

"ம்" என்றாள் பழனாத்தாள், சுவரைத் தொட்டுப் பார்த்து. "இப்ப சரி." பிறகு, "கண்ணாடி அழகாத்தான் இருந்துச்சு" என்றாள். "கோவிச்சுக்காதே. எனக்குப் பயம், அவ்வளவுதான்."

"எனக்குந்தானுங்க."

மத்தியானம் உமேஷ் வந்தான். பழனாத்தாள் மட்டும் ஏறினாள். முன்சீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்தியவள் கண்ணாடியை இறக்கினாள்.

"செவுரு மொட்டையா இருக்குது. அந்தக் கண்ணால போட்டோவ இவன்ட்டக் குடுத்து வுடறேன். அந்த ஓட்டை இருந்த எடத்துலயே மாட்டு. ரெண்டு பேரும் சிரிச்சாப்பல நிக்கறது கண்ணுல பட்டா அவளுக்கும் நல்லது."

சொர்ணலதா வேன் கிளம்பும்வரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே உமேஷ் பழைய போர்வையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு நஞ்சன்கூட்டுக்குப் போனான். தீபா தூங்கிக்கொண்டிருந்தாள். சொர்ணலதா போட்டோவைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, குறடை எடுத்தாள். கண்ணாடிக் கடையில் புதுக் கண்ணாடி வெட்டி வாங்கிவிடலாம், சட்டத்துக்கு மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்துவிடலாம், பழசு என்று எதுவும் மிஞ்சாமல் பண்ணிவிடலாம் என்று ஏழு நாளும் யோசித்து வைத்திருந்தாள். ஆணிகள் சுலபமாக வந்தன. அட்டையைத் தூக்கினாள். போட்டோவின் ஓரத்தை நகத்தால் நெம்பினாள். வரவில்லை. கௌதள்ளி வீட்டுச் சுவரில் மூன்று மழைக்காலம். கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. திருப்பிப் பார்த்தாள். ஒட்டியிருந்தது தீபாவின் முகத்தில்தான், நெற்றியிலிருந்து மாலைவரை.

ஊற வைத்தால் கழலும். முழுசாக வராது. கொஞ்சம் கண்ணாடியிலேயே தங்கும்.

"என்னம்மா பண்றே?"

"தூசி தட்டறேன்."

தீபா கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். பின்னட்டை அவள் பக்கமாகக் கிடந்தது. கிழித்த லேபிளின் ஓரங்கள் அதில் அப்படியே இருந்தன, அவற்றில் பாதி எழுத்துகளும். தீபா குனிந்து வாசித்தாள்.

"சுப விவாஹ... அப்பறம் ஒரு பேரு, பாதி. ஏதோ கல்யாணத்துக்குக் குடுத்ததும்மா இது." பிறகு கேட்டாள். "இதுவும் அரளிகட்டேலதானா?"

"கடையில வாங்குனது. பழைய கடை."

தீபா அம்மாவின் கையில் இருந்த குறடைப் பார்த்தாள். போட்டோவைப் பார்த்தாள்.

"சரி" என்றாள். "மாட்டிரு. அத்தே ராத்திரி வீடியோ கால்ல காட்டச் சொன்னாங்க."

சொர்ணலதா அட்டையை வைத்து ஆணிகளைத் திரும்ப அடித்தாள். புது பிளாக்கில் ஆணி இறங்க நேரம் பிடித்தது. மாட்டி, கோணலைச் சரி செய்து, இறங்கித் திரும்பினாள். தீபா வலது பக்கமாக, போட்டோ மாட்டிய சுவரைப் பார்க்காமல் படுத்திருந்தாள்.

"எடது பக்கம் கண்ணு."

"ம்" என்றாள் தீபா. அசையவில்லை.

சொர்ணலதா மகளை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தாள். கட்டிலின் தலைமாட்டில் கை கொடுத்தாள். சாரப் பலகை, நல்ல கனம். ஒரு காலைத் தூக்கி ஒரு சாண் நகர்த்தி வைத்தாள், பிறகு அடுத்த காலை. தலைமாடு கால்மாடாகும்வரை, இடது பக்கம் படுத்தால் கதவு தெரியும்வரை, ஒவ்வொரு காலாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.